சருகிலிருந்து சாறு

வெங்காய மண்டியில் மூட்டையைப் பிரித்துக் கொட்டி, காய்ந்த தோலைப் புடைத்துத் தள்ளி, அழுகலைப் பொறுக்கித் தரம் பிரிப்பார்கள். வேலை முடியும்போது தரையெங்கும் சருகு கிடக்கும். பெரம்பலூர், திண்டுக்கல் பக்கம் சின்ன வெங்காயம் கைமாறும் இடங்களில் இது அன்றாடக் காட்சி. இந்தச் சருகை என்ன செய்வது என்பது உலகெங்கும் தலைவலிதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் அளவில் வெங்காயக் கழிவு சேர்வதாக மதிப்பிடுகிறார்கள். அதை மாட்டுக்கு நிறையப் போட முடியாது. வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் மாட்டின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். நிலத்தில் கொட்டினாலும் நோய்ப் பூஞ்சைகள் அடுத்த பயிருக்குத் தொற்றும்.

ஆனால் அந்தச் சருகின் பழுப்பு மஞ்சள் நிறத்துக்குள் குவர்செட்டின் என்ற சேர்மம் இருக்கிறது. நாம் சமைக்கும் வெங்காயத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 முதல் 40 மில்லிகிராம் குவர்செட்டின் உண்டு. காய்ந்த சருகிலோ ஒரே கிராமில் பல மில்லிகிராம் கிடைக்கும். ஆன்டிஆக்ஸிடன்ட் வகையைச் சேர்ந்த இதை முழுதாக, கெடாமல், கட்டுப்படியாகும் செலவில் எப்படி வெளியே எடுப்பது?

இந்தக் கேள்வியில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. முழுதாக எடுக்கப் போனால் கெடும். கெடாமல் எடுக்கப் போனால் மிச்சம் உள்ளேயே தங்கும். இரண்டையும் சாதித்தால் செலவு எகிறும். காய்கறிகளிலிருந்து ஆன்டிஆக்ஸிடன்ட் பிரித்தெடுக்கும் துறை முழுவதும் இந்த இழுபறியைச் சமாளிக்கும் கலைதான். 'உகந்த நிலை' என்று ஆய்வுக் கட்டுரைகள் சொல்வது, இந்த மூன்றில் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்தோம் என்பதன் விளைவு.

செடி எதற்காகச் சேர்த்து வைத்தது?

முதலில் ஒரு வேதியியல் விளக்கம். ஒற்றை எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறுகளைத் தனி உறுப்புகள் என்கிறோம். அவை பக்கத்திலிருக்கும் கொழுப்பையோ புரதத்தையோ தாக்கி எலக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்தது அடுத்ததைத் தாக்கும். எண்ணெய் சிக்குவாடை அடிப்பது இப்படிப்பட்ட சங்கிலி வினையால்தான். ஆன்டிஆக்ஸிடன்ட் தன் ஹைட்ரஜன் அணுவை விட்டுக்கொடுத்து அந்தச் சங்கிலியை அறுக்கிறது. குவர்செட்டினில் ஐந்து ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. அவற்றுள் அடுத்தடுத்து அமைந்த ஒரு ஜோடி, ஹைட்ரஜனைத் தந்த பிறகும் மூலக்கூறு நிலைகுலையாமல் பார்த்துக்கொள்கிறது. எளிதில் விட்டுக்கொடுக்கும் இந்தக் குணமே அதன் பலம். பிரித்தெடுக்கும்போது காற்றிலும் வெப்பத்திலும் அது எளிதில் கெட்டுப்போவதற்குக் காரணமும் அதே குணம்தான்.

வெங்காயத்துக்கு இது எதற்கு? பதிலில் ஒரு பகுதி 1929ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தாவர நோயியலாளர் ஜே. சி. வாக்கரும் வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கும் ஒரு புதிரை ஆராய்ந்தார்கள். கறைப் பூஞ்சை நோய் வெள்ளை வெங்காயத்தைப் பாழாக்கியது. நிறமுள்ள வெங்காயத்தை நெருங்கவில்லை. நிறமுள்ள சருகிலிருந்து புரோட்டோகேட்டசூயிக் அமிலம் என்ற பொருளை அவர்கள் பிரித்தெடுத்தார்கள். அது நீரில் கசிந்து பூஞ்சையின் வித்துகளை முளைக்கவிடாமல் தடுத்தது. பிற்காலத்தில் வார்ஃபரின் என்னும் மருந்துக்கு வழிவகுத்த லிங்க் இவரேதான்.

வெளி இதழ் காய்ந்து உயிர் விடும்போது நடப்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. உள்ளே சர்க்கரையோடு பிணைந்திருந்த குவர்செட்டின், சர்க்கரையை உதறித் தனித்து நிற்கிறது. அதில் ஒரு பகுதி மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து புரோட்டோகேட்டசூயிக் அமிலம் ஆகிறது. சதையில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரையேறிய வடிவம். சருகில் அதிகம் இருப்பது சர்க்கரையற்ற வடிவம். இந்த வேறுபாடு அத்தியாயத்தின் இறுதிவரை நம்மோடு வரும்.

உகந்த நிலையைத் தேடுபவர் இதிலிருந்து கற்க வேண்டிய முதல் பாடம், பாத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே பாதி முடிவு ஆகிவிடுகிறது என்பது. வெள்ளை வெங்காயத்தில் குவர்செட்டின் மிகக் குறைவு. அதன் சருகை எந்த நவீனக் கருவியில் போட்டாலும் பயனில்லை. ஈரத்தில் ஊறிக் கரும்பூஞ்சை பிடித்த சருகு வேண்டாத நஞ்சுகளையும் சேர்த்துத் தரும். மண்டியிலேயே சருகை உலர்வாகப் பிரித்து வைப்பது, ஆய்வகத்தில் செய்யும் பல நுணுக்கங்களைவிடப் பெரிய பலன் தரும்.

எதில் கரையும்?

பிரித்தெடுத்தல் என்பது நம் வீடுகளில் தினமும் காலையில் நடக்கிறது. பில்டரில் டிகாக்ஷன் இறக்குபவருக்கு, தூள் எவ்வளவு நைசாக இருக்க வேண்டும், தண்ணீர் எந்தச் சூட்டில், எவ்வளவு ஊற்ற வேண்டும், எத்தனை நேரம் விட வேண்டும் என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் தெரியும். ஆய்வகமும் இதே நான்கையும்தான் மாற்றிப் பார்க்கிறது. ஐந்தாவதாக ஒன்று கூடுகிறது: கரைப்பான்.

குவர்செட்டின் தண்ணீரில் கரைய மறுக்கும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவது சுமார் 2 மில்லிகிராம்தான். எத்தனாலில் நன்றாகக் கரையும். அப்படியானால் சுத்தமான எத்தனால்தானே சிறந்தது? இங்கேதான் முதல் வியப்பு. எத்தனாலும் தண்ணீரும் கலந்த கரைசல், பெரும்பாலும் 50 முதல் 70 சதவீத எத்தனால், தனி எத்தனாலைவிட அதிகம் வெளியே கொண்டுவருகிறது. காய்ந்து சுருங்கிய செல்சுவரை ஊறவைத்து உப்பச் செய்வது தண்ணீர்; திறந்த வழியில் நுழைந்து குவர்செட்டினைக் கரைத்து வருவது எத்தனால். வேலையைப் பங்கிட்டுக்கொண்டால்தான் சருகு இளகுகிறது.

இதே விகிதத்தை வேறு காய்க்கு அப்படியே கொண்டுபோக முடியாது. தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன் முழுக்க ஹைட்ரஜனும் கார்பனும் மட்டுமே கொண்ட நீண்ட சங்கிலி. அது தண்ணீரை அண்டாது. ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் போன்றவற்றிலும் எண்ணெயிலும்தான் கரையும். தக்காளியை எண்ணெயில் வதக்கும்போது எண்ணெய் சிவப்பது அதனால்தான். பீட்ரூட்டின் பீட்டாலைன் நிறமிகள் நேர் எதிர். தண்ணீரிலேயே கரைந்துவிடும், ஆனால் சூடு ஏற ஏறச் சிதையும், எனவே லேசான புளிப்புள்ள நீரும் மிதமான வெப்பமும் போதும். வைட்டமின் சி தண்ணீரில் கரையும். வெப்பமும் காற்றும் சேர்ந்தால் போய்விடும். ஆகவே 'காய்கறிகளிலிருந்து ஆன்டிஆக்ஸிடன்ட் எடுக்கச் சிறந்த கரைப்பான் எது' என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை. எந்தக் காய், அதில் எந்தச் சேர்மம் என்று சொன்ன பிறகே பேச்சைத் தொடங்க முடியும்.

உணவுக்காக எடுப்பதா என்பதும் முக்கியம். ஆய்வகங்கள் விரும்பிப் பயன்படுத்தும் மெத்தனால் நச்சு. ஐரோப்பிய ஒன்றிய விதிகள் அதன் எச்சத்துக்கும் ஹெக்சேன் எச்சத்துக்கும் மேல்வரம்பு வைத்திருக்கின்றன. எத்தனாலுக்கும் கார்பன் டைஆக்சைடுக்கும் அப்படி எண் வரம்பு இல்லை. நல்ல உற்பத்தி முறையைப் பின்பற்றினால் போதும். அதிக விளைச்சல் தருகிறது என்று மெத்தனாலைத் தேர்ந்த ஆய்வு, உணவு ஆலைக்குப் பயன்படாத உச்சத்தைக் கண்டுபிடித்திருக்கிறது என்றே பொருள்.

சூடும் நேரமும்

அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய உடலியலாளர் 1855இல் விரவலின் விதியை வகுத்தார். அதிகச் செறிவிலிருந்து குறைந்த செறிவுக்கு மூலக்கூறுகள் நகரும் வேகத்தை அது சொல்கிறது. அதிலிருந்து ஒரு பயனுள்ள கணக்கு கிடைக்கிறது: துகளின் தடிமனைப் பாதியாக்கினால், வெளியேற ஆகும் நேரம் கால்வாசியாகும். அதனால்தான் அரைப்பது அவ்வளவு முக்கியம். ஆனால் மாவாக அரைத்துவிட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அங்கேயும் ஓர் எல்லை.

விரவல் நீடிக்க வெளியே செறிவு குறைவாக இருக்க வேண்டும். ஃபிரான்ஸ் வான் சாக்ஸ்லெட் 1879இல் பாலின் கொழுப்பை அளப்பதற்காக வடிவமைத்த கண்ணாடிக் கருவி இதை அழகாகச் செய்கிறது. கீழே கொதிக்கும் கரைப்பான் ஆவியாகி மேலே குளிர்ந்து, சுத்தமாகப் பொருளின் மேல் சொட்டி, நிறைந்ததும் கீழே வடிகிறது. மறுபடியும் மறுபடியும் புதுக் கரைப்பான். இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் சாக்ஸ்லெட் இருக்கிறது. முழுதாக எடுப்பதில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் எடுத்த பொருள் கீழே உள்ள குடுவையில் மணிக்கணக்கில் கொதித்துக்கொண்டே இருக்கும். வெப்பம் தாங்காத சேர்மங்கள் அங்கேயே அழியும்.

வெப்பத்துக்கு இரண்டு முகம். கரைதிறனைக் கூட்டும், விரவலை வேகமாக்கும், திரவத்தின் பாகுத்தன்மையைக் குறைக்கும். அதே சமயம் சிதைவையும் முடுக்கும். எனவே விளைச்சல் வரைபடம் முதலில் ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, பிறகு இறங்கும். உச்சி எந்த வெப்பநிலையில் என்பது நேரத்தைப் பொறுத்தது. நேரத்தின் உச்சி வெப்பநிலையைப் பொறுத்தது. ஒன்றை மாற்றினால் மற்றதன் உச்சி நகரும்.

இந்த நகர்வைக் கவனிக்காததுதான் துறையின் பழைய பிழை. கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஓர் ஆய்வாளர் நேரத்தை ஒரு மணி என்று நிறுத்திவிட்டு வெப்பநிலையை மாற்றுகிறார். 60 டிகிரி சிறந்தது என்று காண்கிறார். அடுத்து 60 டிகிரியில் நிறுத்திவிட்டு நேரத்தை மாற்றுகிறார். ஒரு மணி நேரமே சிறந்தது. உகந்த நிலை கிடைத்துவிட்டதாக எழுதிவிடுகிறார். ஆனால் 80 டிகிரியில் பத்து நிமிடம் வைத்திருந்தால் அதைவிட அதிகம் வந்திருக்கும். சேர்மம் வெளியே வந்துவிடும், சிதைவதற்குள் பாத்திரம் இறங்கிவிடும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தவர் அந்த இடத்தை எட்டிப் பார்க்கவே இல்லை.

பதினைந்து சோதனைகள்

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்த்தால் என்ன? நான்கு காரணிகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து அளவுகள் என்றால் 625 சோதனைகள். எந்த ஆய்வகமும் தாங்காது.

வழி புள்ளியியலிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர், பல காரணிகளை ஒரே சமயத்தில் மாற்றினால்தான் அவற்றுக்கிடையே உள்ள உறவு தெரியும் என்று 1920களில் காட்டினார். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சி. ஆர். ராவ் 1940களில் உருவாக்கிய செங்குத்து அணிகள், குறைந்த சோதனைகளில் அதிகக் காரணிகளைச் சரிபார்க்க உதவின. ஜப்பானின் கெனிச்சி தாகுச்சி 1954–55இல் அந்த நிறுவனத்துக்கு வந்திருந்தார். செங்குத்து அணிகளைத் தொழிற்சாலைத் தளத்துக்குக் கொண்டுபோய்ப் புகழ்பெற்றது அவர் முறை. 1951இல் ஜார்ஜ் பாக்ஸும் கே. பி. வில்சனும் வேதித் தொழிலில் உகந்த நிலையைப் படிப்படியாக நெருங்கும் முறையை வெளியிட்டார்கள். மறுமொழிப் பரப்பு முறை என்று இன்று அழைக்கப்படுவது அதுதான்.

இதன் சாரம் எளிது. எத்தனால் விகிதம், வெப்பநிலை, நேரம் ஆகிய மூன்றையும் ஒரு கனசதுரத்தின் மூன்று அச்சுகளாக எண்ணிக்கொள்ளுங்கள். பாக்ஸும் டொனால்ட் பென்கினும் 1960இல் வகுத்த திட்டப்படி, அந்தக் கனசதுரத்தின் 12 விளிம்புகளின் நடுப்புள்ளிகளில் ஒவ்வொரு சோதனையும், மையத்தில் வழக்கமாக மூன்று சோதனைகளும் செய்தால் போதும், மொத்தம் 15. மூன்று அளவுகளையும் முழுதாகக் கலந்திருந்தால் 27 ஆகியிருக்கும். மூலைகளை இது தொடுவதில்லை. மிக அதிக வெப்பமும் மிக நீண்ட நேரமும் சேர்ந்து பொருளைக் கருக்கும் இடம் மூலைதான் என்பதால் அதிலும் நன்மை உண்டு.

கிடைத்த 15 எண்களின் மேல் ஓர் இருபடிச் சமன்பாட்டைப் பொருத்துகிறார்கள். அதில் பத்துக் கெழுக்கள்: ஒரு மாறிலி, மூன்று நேர் விளைவுகள், மூன்று வளைவுகள், மூன்று ஊடாட்டங்கள். கடைசி மூன்றுதான் தங்கம். வெப்பமும் நேரமும் ஒன்றையொன்று எப்படி நகர்த்துகின்றன என்பது அங்கே எண்ணாக நிற்கும். மையத்தில் மூன்று முறை செய்தது கைப்பிழை எவ்வளவு என்று காட்டும்.

ஆனால் சமன்பாடு காட்டும் உச்சியை நம்பி விடக் கூடாது. இரண்டு சோதனைகள் அவசியம். உச்சி நாம் தேர்ந்த எல்லையின் ஓரத்தில் விழுந்திருந்தால், உண்மையான உச்சி அதற்கு அப்பால் இருக்கிறது. எல்லையை நகர்த்தி மறுபடி தொடங்க வேண்டும். உள்ளே விழுந்திருந்தால் அந்த நிலையில் புதிதாகச் சோதனை செய்து, கணித்த எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மேலும் ஓர் எச்சரிக்கை: '53.7 சதவீத எத்தனால், 61.2 டிகிரி, 47.3 நிமிடம்' என்று தசமத்தில் வரும் விடை கணினியின் துல்லியம். சருகின் துல்லியம் அன்று. உச்சி பெரும்பாலும் ஊசிமுனை போலிராமல் அகலமான மேடாகவே இருக்கும். அந்த மேட்டில் மலிவான மூலையைத் தேர்வதுதான் புத்திசாலித்தனம்.

ஒலி, நுண்ணலை, அழுத்தம்

வெப்பத்தைக் கூட்டாமலே செல்சுவரை உடைக்க முடியுமா? மீயொலி அதைத்தான் செய்கிறது. விநாடிக்கு 20,000 முறைக்கு மேல் அதிரும் ஒலி, திரவத்தில் நுண்குமிழிகளை உருவாக்கி நொறுக்குகிறது. துகளின் பரப்பருகே நொறுங்கும் குமிழி ஊசி போன்ற திரவத் தாரையை அதன்மேல் பாய்ச்சுகிறது. மணிக்கணக்கில் ஊற வேண்டியது நிமிடங்களில் முடிகிறது. ஆனால் நீண்ட நேரம் விட்டால் அதே குமிழிகள் தண்ணீரைப் பிளந்து தனி உறுப்புகளை உண்டாக்கும். நாம் எடுக்கும் பொருள் அவற்றைத் தடுப்பதிலேயே செலவாகிவிடும்.

நுண்ணலை அடுப்பின் அலை விநாடிக்கு 245 கோடி முறை அதிர்கிறது. செல்லுக்குள் இருக்கும் நீரை அது நேரடியாகச் சூடாக்குவதால் உள்ளழுத்தம் ஏறிச் சுவர் விரிசல் விடும். கார்பன் டைஆக்சைடை 31 டிகிரிக்கும் சுமார் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் கொண்டுபோனால், அது வாயுவின் ஊடுருவலும் திரவத்தின் கரைக்கும் திறனும் சேர்ந்த நிலைக்கு வரும். அழுத்தத்தை விடுவித்ததும் ஆவியாகிப் போய்விடும், எச்சம் இல்லை. தக்காளித் தோலின் லைக்கோபீனுக்கு இது பொருத்தம். குவர்செட்டினுக்கு, கூடவே கொஞ்சம் எத்தனால் சேர்க்காவிட்டால் கார்பன் டைஆக்சைடு சரிப்படாது.

வெங்காயச் சருகுக்கு மிக அழகான விடை தண்ணீரிலிருந்தே வந்தது. கொதிநிலைக்கு மேல் சூடாக்கி, அழுத்தத்தால் திரவமாகவே பிடித்து வைத்தால் தண்ணீரின் குணம் மாறுகிறது. அதன் மின்காப்பு மாறிலி 25 டிகிரியில் ஏறத்தாழ 78. 250 டிகிரியில் 27. அது மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் இடைப்பட்ட அளவு. 25 டிகிரியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் கரைந்த குவர்செட்டின், 140 டிகிரியில் 600 மில்லிகிராமுக்கு மேல் கரைகிறது. 2011இல் தென்கொரிய ஆய்வாளர்கள் 165 டிகிரியில் 15 நிமிடம் வைத்து ஒரு கிராம் சருகிலிருந்து சுமார் 16 மில்லிகிராம் எடுத்தார்கள். அவர்கள் ஒப்பிட்ட வழக்கமான எத்தனால் முறையைவிட எட்டு மடங்கு. அதற்கு மேல் சூடேற்றியபோது விளைச்சல் சரிந்தது. ஏறி இறங்கும் அதே வரைபடம்தான், மேலும் உயர்ந்த மேட்டில்.

எதை அளந்தீர்கள்?

உகந்த நிலை என்பது ஓர் எண்ணின் உச்சம். அந்த எண்ணை எப்படி அளந்தோம் என்பதில் இன்னொரு பொறி இருக்கிறது.

அதிகம் புழங்கும் அளவீடு ஃபோலின்–சியோகால்டு முறை. 1927இல் புரதங்களை ஆராய்வதற்காக வந்த வினைப்பொருள் அது. 1965இல் கலிஃபோர்னியாவின் சிங்கில்டனும் ராசியும் அதைத் திராட்சை மதுவின் பீனால் சேர்மங்களை அளக்க ஏற்றபடி சீர்செய்தார்கள். பீனால் இருந்தால் கரைசல் நீலமாகும். ஆனால் வைட்டமின் சி இருந்தாலும் நீலமாகும். சில சர்க்கரைகளும் நீலத்தைக் கூட்டும். வெங்காயத்தில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. இன்னொன்று டிபிபிஎச் சோதனை, 1958இல் பிளாய்ஸ் அறிமுகப்படுத்தியது. ஊதா நிறத் தனி உறுப்புக் கரைசலில் சாற்றை விட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதே திறன். யார் வெளுத்தார்கள் என்று அது சொல்லாது. நீர்ம நிறப்பகுப்பு முறை மட்டுமே குவர்செட்டினைத் தனியே பிரித்து எண்ணும்.

விளைவு: ஒரே சருகை ஒரே ஆய்வகத்தில் வைத்துத் தேடினாலும், மொத்த பீனாலுக்கு ஓர் உகந்த நிலையும், டிபிபிஎச்சுக்கு வேறொன்றும், குவர்செட்டினுக்கு மூன்றாவதும் கிடைக்கலாம். இவற்றைச் சமரசம் செய்ய 1980இல் டெரிங்கரும் சூய்ச்சும் ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வோர் எண்ணையும் பூஜ்யம் முதல் ஒன்று வரையான விருப்ப மதிப்பாக மாற்றி, அவற்றைப் பெருக்கி, மொத்த விருப்பம் உச்சமாகும் இடத்தைத் தேட வேண்டும். ஏதாவது ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். எதற்கு எவ்வளவு எடை என்பதை மட்டும் கணிதம் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆலைக் கணக்கு

ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு கிராம் சருகுக்கு 50 மில்லிலிட்டர் கரைப்பான் என்பது சாதாரணம். கரைப்பான் கூடக் கூட விளைச்சல் ஏறும். அது ஃபிக் விதி. ஆனால் பொடியாக வேண்டுமென்றால் அவ்வளவு கரைப்பானையும் ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் தேவை. ஒரு கிலோ சருகுக்கு 50 கிலோ தண்ணீர் என்றால், வெப்பத்தை மீட்டுப் பயன்படுத்தாதபோது, 31 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 10 கிலோ தண்ணீரோடு நிறுத்தினால் 6 யூனிட் சொச்சம். விளைச்சலில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தால் செலவு ஐந்தில் ஒன்றாகிறது. எந்த ஆலை மேலாளரும் இரண்டாவதைத்தான் எடுப்பார். ஆய்வகத்தின் உச்சியும் ஆலையின் உச்சியும் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம்.

உடலுக்குள் போனால்

கடைசியாக, இவ்வளவு பாடுபட்டு எடுப்பது எதற்கு? சமையல் எண்ணெய் சிக்குப்பிடிப்பதைத் தாமதப்படுத்த, துணிக்குச் சாயம் ஏற்ற, உணவுக்கு நிறம் தர என்றால் பதில் நேரானது. குடுவையில் அளந்த திறன் எண்ணெய்ப் புட்டியிலும் ஓரளவு பலிக்கும். மாத்திரையாக விழுங்க என்றால் கதை வேறு.

1995இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், பெருங்குடல் அகற்றப்பட்ட ஒன்பது தன்னார்வலர்களுக்குக் குவர்செட்டினைப் பல வடிவங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். வெங்காயமாகச் சாப்பிட்டபோது 52 சதவீதம் உறிஞ்சப்பட்டது. சர்க்கரையற்ற தனிக் குவர்செட்டினாகக் கொடுத்தபோது 24 சதவீதம். சருகில் அதிகம் இருப்பதும், கடும் வெப்பமும் அமிலமும் உருவாக்குவதும் இந்த இரண்டாம் வடிவம்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். குடுவையில் முதலிடம் பிடித்த சாறு குடலில் பின்தங்கலாம்.

இதைவிடக் கடுமையான பாடம் கேரட்டின் நிறமியான பீட்டா கரோட்டினிலிருந்து வந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் வைட்டமின் ஏவும் சேர்த்துக் கொடுத்த இன்னோர் ஆய்வு, இதே போக்கு தெரிந்ததால் 1996 ஜனவரியில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைப் பட்டியலிட்ட தன் தரவுத்தளத்தை 2012இல் விலக்கிக்கொண்டது. குடுவை எண்கள் உடல்நலத்தைக் காட்டுவதாகச் சான்று இல்லை என்பதும், நிறுவனங்கள் விளம்பரத்துக்கு அவற்றைத் தவறாகப் பயன்படுத்தின என்பதும் அது சொன்ன காரணங்கள்.

எனவே 'எங்கள் சாற்றில் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் பத்து மடங்கு' என்று ஒரு புட்டி சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் சேர்மம்? எந்தச் சோதனையில் அளந்தது? மனிதரிடம் சோதித்தார்களா? மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் பணத்தை மிச்சப்படுத்தலாம். சருகு ஆலைக்குப் போகட்டும். எண்ணெயைக் காக்கவும் துணிக்கும் உணவுக்கும் நிறமூட்டவும் அதற்குத் தகுதி இருக்கிறது. வீட்டில் செய்ய வேண்டியது சிறிய காரியம்: வெங்காயம் உரிக்கும்போது காய்ந்த சருகோடு நிறுத்துங்கள். சதையில் குவர்செட்டின் அதிகம் இருப்பது அதற்கு அடுத்த வெளி இதழ்களில்தான். உள்ளே போகப் போகக் குறையும். வேகவைத்தால் அந்த நீரைக் கொட்டாமல் குழம்பில் சேருங்கள், கரைந்து வந்த சர்க்கரையேறிய வடிவத்தில் ஒரு பங்கு அதில் இருக்கிறது.